மத்தியானப் பலகை

நாத்தனாரைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிவந்து விட்டவள் ஆராய்ச்சிக்காரியேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் கால்நடை மருத்துவர் இடம் காலியாக இருப்பதை ஒருநாள் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எதிரே இருந்த புருஷன் கவளத்தைக் கையில் பிடித்தபடியே, "எங்க அக்காவுக்குச் சொன்னா என்ன?" என்றான். அவன் அக்கா அப்போது ஒரு நாய் ஆஸ்பத்திரியில் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். வீடு என்றால் இவர்கள் வீடுதான். இவர்கள் மாடி, அவள் கீழ்த்தளம். வேலையில்லாத பகல் முழுவதும், மாடியில் நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குப் போய்த் தொலைந்தால் வீட்டிலாவது நிம்மதி கிடைக்கும் என்று ஆராய்ச்சிக்காரி கணக்குப் போட்டாள். இயக்குநரிடம் தானே போய் ஒரு வார்த்தை சொன்னாள். வீட்டில் மட்டும் இருந்த சனியனை ஆபீசுக்கும் ஏற்றிவிட்டோம் என்பது உறைக்க அதிக நாள் ஆகவில்லை.

புருஷன் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். ஆய்வுக்கூடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே இவளும் ஒரு டப்பா நிறைய இரைப்புழுக்களும் மாட்டிக்கொண்டபோது கதவைத் திறந்துவிட வந்தவன். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கல்யாணம். "நாள் முழுக்க மேல கீழ போயிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தா அங்கயும் அதே வேலை" என்று அவனே அலுத்துக்கொள்வான். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், கல்யாணம் வேண்டாம் என்று நின்று தம்பியை ஆளாக்கியவள் அக்கா. அதை அவள் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்கவிடவும் இல்லை.

ஆராய்ச்சிக்காரியின் உலகம் மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத, வெதுவெதுப்பான ஒரு நீள அறை. அதற்குள் மரமூஞ்சூறுகள். பார்த்தால் அணில் மாதிரி இருக்கும், அணில் இல்லை. பேரில் மூஞ்சூறு இருக்கிறது, மூஞ்சூறும் இல்லை. கூர்மூக்கு, புசுபுசுவென்ற வால், ஒரு நிமிடம் ஓரிடத்தில் தரிக்காத கால்கள். எலியைவிட மனுஷனுக்குக் கொஞ்சம் கிட்டத்து உறவு என்று அவள் துறையில் சொல்வார்கள். மனஉளைச்சல் உடம்பையும் மூளையையும் எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவள் இவற்றை எடுத்துக்கொண்டது அதனால்தான்.

ஆண் மூஞ்சூறுக்குத் தன் இடம் என்றால் உயிர். முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் கொஞ்ச நேரத்தில் ஒன்று ஜெயிக்கும், ஒன்று தோற்கும். காயம் படுவதற்குள் இரண்டையும் பிரித்து நடுவில் கம்பி வலையை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஜெயித்ததால் தோற்றதைத் தொடக்கூட முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை வலைக்கு அந்தப் பக்கம் அது உலாத்திக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் தோற்றது மூலையில் ஒடுங்கி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். வால்மயிர் சிலிர்த்தே கிடக்கும். இரை இறங்காது. முகம் துடைக்காது. உடம்பு நாளுக்கு நாள் வற்றும். காலையில் சேகரிக்கிற மூத்திரத்தில் உளைச்சல் சுரப்பு எகிறியிருக்கும். மேலே ஒரு கீறல் இருக்காது, ஆனால் உள்ளே ஆள் காலி.

இப்படித் தோற்றவற்றில் பாதிக்குப் புது மருந்து ஒன்று, பாதிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். மருந்து குடித்தவை தேறி, மற்றவை தேறாமல் இருந்தால் அவள் ஜெயித்தாள். கடைசியில் இரண்டு கூட்டத்தையும் வலி தெரியாமல் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கடைசி ஊசியைப் போடுவது கால்நடை மருத்துவர் வேலை.

நாத்தனார் வந்த முதல் மாதத்திலேயே பற்றிக்கொண்டது. காது கிழிந்த ஒரு மூஞ்சூறு, தோற்றவற்றில் ஒன்று, ரொம்பவே வற்றிப்போயிருந்தது. எடை இவ்வளவுக்குக் கீழே போனால் ஆய்விலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. அது இன்னும் வரம்பைத் தொடவில்லை. நாத்தனார் கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுவிட்டாள்.

"இதை வெளிய எடுக்கிறேன்."

"எடை இன்னும் வரம்புக்குள்ளதான் இருக்கு, அண்ணி."

"இங்க அண்ணி கிண்ணி எல்லாம் வேண்டாம். டாக்டர்னு கூப்பிடு."

"சரி டாக்டர். எடை வரம்புக்குள்ள இருக்கு, டாக்டர்."

"தராசு உன்னோடது, கண்ணு என்னோடது. இது மூஞ்சியைத் துடைச்சு எத்தனை நாளாச்சு, பாத்தியா?"

"அதைத்தானே பாக்குறோம்! துடைக்காதது, திங்காதது, அதுதானே நோயே!"

"நீதானே அந்த நோயைக் குடுத்தவ? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன்."

கூண்டு கழுவிக்கொண்டிருந்த பணியாள் குழாயை மூடிவிட்டு, வேடிக்கை பார்ப்பதற்காக மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். காது கிழிந்த மூஞ்சூறு வெளியே போய்விட்டது. ஆராய்ச்சிக்காரியின் கணக்கில் ஒரு பல் விழுந்தது.

விஷயம் ஆய்வுக்கூடத்தின் நெறிக் குழு வரை போனது. மருத்துவருக்கு விலக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் இனிமேல் வரம்பைத் தொட்ட பிறகுதான் என்று தீர்ப்பானது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வெற்றி. அதனால் இரண்டு பேருக்கும் முழு எரிச்சல். அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் தம்பியிடம், மாடிப்படிக்குக் கேட்கிற மாதிரி, "உன் பெண்டாட்டி இரும்புல இதயம் செஞ்சு வச்சிருக்கா. துருகூடப் பிடிக்காது" என்றாள்.

"துருப்பிடிக்கிறதுக்கு ஈரம் வேணும். அது உங்க அக்கா நாக்குல மட்டும்தான் இருக்கு" என்றாள் இவள், மேலேயிருந்து.

அவன் இரண்டுக்கும் நடுவில், படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழற்றினான்.

அதற்கப்புறம் நாத்தனார் அடங்கிப்போனாள். சொன்ன வேலையைச் செய்தாள், எடையைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது, இவள் எப்படித் திடீரென்று சாதுவானாள் என்று ஆராய்ச்சிக்காரி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அடங்கிவிட்டாள், நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அடுத்த சுற்றில் கோளாறு ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்த மூஞ்சூறுகள் தேறின. மருந்து குடித்தவையும் தேறின. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தராசைச் சோதித்தாள், தராசு சரி. தீவனத்தை மாற்றினாள், மாற்றமில்லை. மருந்தும் சர்க்கரைத் தண்ணீரும் எங்காவது இடம் மாறிவிட்டதோ என்று புட்டி புட்டியாகத் திறந்து பார்த்தாள். மூத்திரத்தை வெளியே வேறொரு கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே பதில். இயக்குநர் கூப்பிட்டு, "மருந்து வேலை செய்யலைன்னா செய்யலைன்னு ஒத்துக்கறதுதான் விஞ்ஞானம்" என்று தேன் தடவிய குரலில் சொன்னார். ஒத்துக்கொண்டால் அந்த அறையை வேறு யாருக்குத் தரலாம் என்று அவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

காலை நேரத்தில் மூஞ்சூறுகளின் நடமாட்டத்தைப் படம் பிடிக்க ஒரு கேமரா அங்கே உண்டு. படம் பிடித்து முடிந்ததும் அணைத்துவிடுவது வழக்கம். ஒருநாள் அவள் அணைக்காமல் சாப்பிடப் போனாள். குறிப்பாக யார்மேலும் சந்தேகம் இல்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்.

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு படத்தை ஓட்டினாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நாத்தனார் வருகிறாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளை எடுக்கிறாள். வலையை ஒட்டிப் பலகை செருக ஒரு காடி உண்டு. கூண்டு கழுவும்போது ஒன்றையொன்று பார்த்து மிரளாமல் இருப்பதற்காக. நாத்தனார் ஒவ்வொரு கூண்டாகப் பலகையைச் செருகிக்கொண்டே போனாள். ஜெயித்தவை அந்தப் பக்கம் மறைந்தன. பிறகு முக்காலியைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"வாங்கடா. அவன் இல்ல. கண்ணுமுன்னாலேர்ந்து தொலைஞ்சான்" என்றாள்.

முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று மூலையைவிட்டு வந்தது. தட்டில் வாயை வைத்தது. முன்னங்கால் இரண்டையும் எடுத்து முகத்தைத் துடைத்தது, காதுக்குப் பின்னால், மூக்குக்கு மேலே, ஆசைதீர. அடுத்த கூண்டில் இன்னொன்று. நாத்தனார் அவற்றைப் பார்த்தபடி ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த அறைக்குள் எதையும் தின்னக்கூடாது என்பது வேறு விதி. மற்றவர்கள் திரும்புகிற நேரத்துக்குப் பலகைகளை உருவி, துடைத்து, இருந்த இடத்தில் சாய்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருட உழைப்பு ஆரஞ்சுத் தோலோடு குப்பைக்கூடைக்குள் போவதை ஆராய்ச்சிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் வாய் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போவதுபோல் போய், பாதி வழியில் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். நாத்தனார் கையில் பலகையோடு நின்றாள். திடுக்கிடக்கூட இல்லை.

"என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா? பலகை வைக்கிறேன்."

"எவ்வளவு நாளா?"

"உனக்குச் சந்தேகம் வர்ற வரைக்கும்."

"என் ஆராய்ச்சியைக் குழிதோண்டிப் புதைச்சுட்டீங்களே! ஜென்மத்துல ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சு முடிச்சிருக்கீங்களா? அந்த நாய் ஆஸ்பத்திரியில ஏன் துரத்தினாங்கன்னு இப்பத்தானே புரியுது!"

"துரத்தல. நானே வந்தேன். பூட்டி வச்சுச் சித்திரவதை பண்றவங்க கூட என்னால இருக்க முடியல, அதனால வந்தேன். வந்த இடத்துல பாத்தா சொந்த வீட்டு மருமகளே அதைத்தான் பண்றா."

"இது சித்திரவதை இல்ல, மருந்து! இதால நாளைக்கு எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

நாத்தனார் பலகையைக் கீழே வைத்தாள். "தெரியும். உங்கப்பா கதை தெரியும். மாத்திரையா தின்னும் மனுஷன் எந்திரிக்கலையாமே. செத்தவருக்கு மருந்து கண்டுபிடிக்க, இருக்கிறதையெல்லாம் சாகடிக்கிற."

ஆராய்ச்சிக்காரியின் அப்பா ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். அவர் மேசைக்கு நேர் எதிரே மேலதிகாரியின் மேசை. அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அந்த ஆள் வருடக்கணக்காக இவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அப்பா வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஒரு கட்டத்தில் வேலைக்கும் போகாமல் படுத்தே கிடந்து, அப்படியே போய்விட்டார். இதை அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஈ காக்கையிடமும் சொன்னதில்லை. புருஷனிடம் மட்டும், கல்யாணமான புதிதில், அழுதுகொண்டு சொன்னாள். அவன் அக்காவிடம் ஒப்பித்திருக்கிறான்.

கை தானாக ஓங்கியது. அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இரும்புத் தட்டை எடுத்து ஓங்கித் தரையில் அடித்தாள். அறை முழுவதும் மூஞ்சூறுகள் கீச்சுக் கீச்சென்று அலறின. ஜெயித்தவை தோற்றவை என்ற பேதமில்லாமல் எல்லாமே மூலைக்கு ஓடின.

"பாத்தியா?" என்றாள் நாத்தனார். "இதையும் எழுதிக்கோ."

அன்றே ஆராய்ச்சிக்காரி படத்தை இயக்குநரின் மேசையில் வைத்தாள். நாத்தனார் மறுத்தால் கிழித்துப்போட இவளிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. அவள் மறுக்கவே இல்லை. "நான்தான் செஞ்சேன். இங்க விட்டு வச்சீங்கன்னா நாளைக்கும் செய்வேன்" என்றாள். விட்டு வைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் புருஷன் முகம் கொடுக்கவில்லை. "வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்திருக்கலாம். எங்க அக்காவைக் கேமரா வச்சுப் பிடிச்சு, வேலையை விட்டுத் துரத்தி… அவ என்ன திருடியா?"

"திருடி இல்ல, அதுக்கும் மேல. அது கிடக்கட்டும். எங்கப்பா விஷயத்தை அவங்ககிட்ட ஏன் சொன்ன?"

"அக்காகிட்ட நான் எதையும் மறைச்சதில்லை."

"அப்ப அவங்களோடயே குடும்பம் நடத்து."

நடத்தினான். துணிமணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான். நாத்தனார் சும்மா இருப்பாளா? கீழ்த்தளத்து முன்னறையைக் காலி செய்து, கதவுக்கு மேலே பலகை மாட்டி, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் ஆராய்ச்சிக்காரி கண் விழிப்பதே ஊசிக்குப் பயந்த ஏதோ ஒரு நாயின் ஊளையில்தான். வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்து ஊசி போடுகிறாள் என்று இவள் நம்பினாள். அது உண்மையும்கூட. ஒருமுறை படியில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். நாத்தனார் கையில் ஒரு பூனையைப் பிடித்திருந்தாள். "பயப்படாதே செல்லம், அவ உன்னை ஒண்ணும் பண்ண மாட்டா. நீ மூஞ்சூறு இல்ல" என்று பூனையிடம் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

ஆய்வுக்கூடத்தில் எரிந்ததில் மிச்சம் என்ன என்று பார்க்கிற வேலை. கெட்டுப்போன சுற்றின் எண்களை எல்லாம் தூக்கிப் போடச் சொன்னார் இயக்குநர். போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இதுவரை அவள் கேட்ட கேள்வி, மருந்துக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் ஏன் வித்தியாசம் இல்லை என்பது. இரண்டும் எந்த அளவுக்குத் தேறின என்று அவள் கேட்கவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்தவை, முந்தின சுற்றுகளில் மருந்து குடித்தவற்றைவிட நன்றாகத் தேறியிருந்தன. மத்தியானம் ஒரு மணி நேரம். நாளின் மிச்சப் பொழுதெல்லாம் அந்தப் பார்வை அப்படியேதான் இருந்தது. ஒரே ஒரு மணி நேரம் அது கண்ணில் படாமல் இருந்ததற்கே உடம்பு திரும்பியிருக்கிறது.

படத்தை மறுபடி ஓட்டினாள், சத்தத்தை அணைத்துவிட்டு. அந்த ஒன்று மூலையைவிட்டு வருவதை, முகம் துடைப்பதை, திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்பாவின் அதிகாரி ஒருதடவை கால் முறிந்து விடுப்பில் இருந்தான். அந்த நாட்களில் அப்பா சவரம் செய்துகொண்டு, பாட்டுக்கூட முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். வீட்டில் எல்லோரும் புது மாத்திரை பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அவளும்தான்.

அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அழுகையாகத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் ஆத்திரமாகத்தான் முடிந்தது. இத்தனை வருடம் இதையே படித்தவளுக்குத் தோன்றாதது, ஆராய்ச்சியைக் கெடுக்க வந்த அந்தப் பிசாசுக்கா தோன்ற வேண்டும்?

ஒரு விடுமுறை நாளில், வேறு வழியில்லாமல், கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். புருஷன்தான் திறந்தான். மனைவி சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று முகம் மலர்ந்து ஒதுங்கினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். நாத்தனார் ஒரு கிழட்டு நாயின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த நாள்லேர்ந்து பலகை வச்சீங்க? எல்லாக் கூண்டுக்கும் வச்சீங்களா? ஒருநாள்கூட விடலையா?"

"எதுக்கு?"

அவள் சொன்னாள், சுருக்கமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. நாத்தனார் நகவெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா என்ன செய்வ? சரியா இருக்கான்னு பாக்க மறுபடி ஒரு கூட்டத்தைத் தோக்கடிச்சு உட்கார வைப்ப. பாதிக்குப் பலகை, பாதிக்குப் பலகை இல்ல. பலகை இல்லாததுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

"சொல்லலைன்னாலும் அதைத்தான் செய்வேன். சொன்னா கொஞ்சம் குறைவாத் தேவைப்படும்."

"அப்ப அந்தப் பாவம் உன்னோட. என்னைக் கூட்டுச் சேர்க்காத. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, நாய் ஓடிடும்."

செய்தாள். இயக்குநரிடம் மன்றாடி, அறையைத் தக்கவைத்து, புதுச் சுற்றுத் தொடங்கினாள். பாதிக் கூண்டுகளுக்கு மத்தியானப் பலகை. அதை வேறு யாரிடமும் விடவில்லை, தானே செருகினாள், முக்காலி போட்டுத் தானே உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முகம் துடைத்துத் தின்று திரியும்; இன்னொரு பக்கம் ஒடுங்கிக் கிடக்கும். இரண்டையும் பார்த்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் இருப்பாள். பலகை இல்லாத கூண்டுகளின் பக்கம் கண் போகும்போதெல்லாம் நாத்தனாரின் குரல் கேட்டது. அதற்காக அவள் நாத்தனாரை இன்னும் கூடுதலாக வெறுத்தாள்.

புதிதாக வந்த மருத்துவர் நல்ல பிள்ளை, கை மட்டும் நடுங்கும். கடைசி ஊசி நாளன்று முதல் மூஞ்சூறு அவன் கையில் துடித்தது. நாத்தனார் போட்டால் தூங்குவதுபோல் இருக்கும். ஆராய்ச்சிக்காரி ஊசியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "போதும். மூளை வேண்டாம். எடையும் சுரப்பும் வச்சே எழுதிக்கறேன்" என்றாள். ஆய்வில் பாதி பலம் போய்விடும் என்று இயக்குநர் கத்தினார். போகட்டும் என்றாள். அது இரக்கமா, அலுப்பா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

முடிவு தெளிவாக வந்திருந்தது. பலகை வைத்தவை தேறின, வைக்காதவை தேறவில்லை. கட்டுரையை எழுதி முடித்து இயக்குநரிடம் கொடுத்தாள். முதலில் இது எப்படிக் கண்ணில் பட்டது என்று சொல்கிற இடத்தில், கால்நடை மருத்துவரின் பேரை முழுதாகப் போட்டு, அவர் பலகை வைத்ததால்தான் இது தெரியவந்தது என்று எழுதியிருந்தாள். இயக்குநர் அங்கே ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: 'தவறுதலாக'. "நம்ம இடத்தோட மானம் இருக்குல்ல?" என்றார்.

ஒருவர் பேரை அவருக்குக் காட்டாமல் போடக்கூடாது. மறுபடி கீழே இறங்கினாள். காத்திருப்பவர்களுக்குப் போட்ட பெஞ்சில் நாத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தாள்.

"உங்க பேர் இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க."

"பேரை வச்சு நாக்கு வழிக்கவா?" என்றாலும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள். "பலகை இல்லாததுங்க என்னாச்சு?"

"உயிரோட இருக்கு. தனித்தனிக் கூண்டு. ஒண்ணையொண்ணு பாக்காது."

நாத்தனார் மறுபடி படிக்க ஆரம்பித்தாள். தாளில் ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் சிவந்தது.

"என்னது இது? தவறுதலாவா? யாரு தவறுதலா வச்சா? ஒருநாள் ரெண்டுநாள் தவறும், தினம் தவறுமா? என்னை என்ன கையாலாகாதவன்னு நெனச்சியா?"

"அது நான் எழுதல."

"எழுதினது யாரா இருந்தா என்ன? கொண்டுவந்தது நீதானே?" பேனாவை எடுத்து அந்தச் சொல்லை, தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். மேலே 'வேண்டுமென்றே' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். "இப்படிப் போடறதா இருந்தா பேர் இருக்கட்டும். இல்லைன்னா எடுத்துடு. கேஸ் போடுவேன்."

"இப்படிப் போட்டா உங்களை இனிமே எந்த ஆய்வுக்கூடத்துலயும் சேர்க்க மாட்டாங்க."

"நான் கேட்டேனா?"

"கேட்டாலும் என் அறைச் சாவியை நான் தரமாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

"தராதே. உன்கிட்ட யாரு பிச்சை கேட்டா?" நாத்தனார் தாளை நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள். புருஷன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழையபடி உள்ளே போனான்.

ஆராய்ச்சிக்காரி மாடிக்கு வந்து, திருத்தத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இயக்குநருக்குத் தெரிந்தால் குதிப்பார். குதிக்கட்டும் என்று அந்தச் சொல்லை அப்படியே வைத்து, அன்றே கட்டுரையை அனுப்பிவிட்டாள்.